நிப்பிள் மேல் பெயிண்ட் அடித்த மெஷின்

கேள்வி: அய்யா, திருப்பாலைக்குடிக்கு மேற்கே, கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு 9 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நான் 11 வருடம் சவூதியில் இருந்தேன். அப்பாவால் தனியாகப் பார்க்க முடியாமல் நிலம் முழுக்க வேலிக்கருவை மண்டிவிட்டது. ஊருக்கு வந்ததும் பழைய 45 ஹெச்.பி. டிராக்டர் ஒன்று வாங்கினேன். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் டிராக்டரில் மாட்டி ஓட்டும் சிப்பர் மெஷின் ஒன்று பழையது 1,80,000 ரூபாய்க்கு வருகிறது. "4 இஞ்ச் கட்டை வரை தூளாக்கும், ரெண்டு சீசன்தான் ஓடியது" என்கிறார்கள். அதை வாங்கினால் 9 ஏக்கரையும் நானே சுத்தம் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவோ "மரத்தை வெட்டிக் கரி சுடுற கரிமூட்டக்காரனிடம் விட்டுட்டுப் பேசாமல் இரு" என்கிறார். போட்டோ 6 அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என் வண்டி இழுக்குமா?

பதில்: தம்பி, இந்த மெஷினை விட்டுவிடுங்கள். அடுத்த மெஷின் பார்ப்பதற்கு முன்னால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் பேரிங் வீட்டுக்கு மேலே சின்ன மொட்டு மாதிரி நிற்கிறதே, அதுதான் கிரீஸ் நிப்பிள். அதன் தலையோடு சேர்த்து நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நிப்பிள் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குண்டு இருக்கும், அதை அமுக்கித்தான் கிரீஸ் உள்ளே போகும். பெயிண்ட் அந்தக் குண்டையும் மூடியிருக்கிறது. அப்படியென்றால் பெயிண்ட் அடித்த நாளுக்குப் பிறகு இந்த பேரிங்குக்கு யாரும் கிரீஸ் வைக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிறவன் வைக்காமல் இருக்க மாட்டான். விற்பதற்காகவே பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயிண்ட் அடிப்பது குற்றமில்லை. நானும் என் பட்டறையிலிருந்து வெளியே போகிற சாமானுக்கு ஒரு கோட்டிங் கொடுத்துத்தான் அனுப்புவேன். ஆனால் நிப்பிளைத் துணி சுற்றி மறைத்துவிட்டு அடிப்பேன்.

அதைவிடப் பெரிய சங்கதி ஐந்தாவது படத்தில் இருக்கிறது. மேல் மூடியைத் திறந்து எடுத்த படம் அது. உள்ளே தெரிகிற தண்டில் பட்டைப் பட்டையாகத் தொங்குவது பிளேடு இல்லை, சுத்தி. ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு கத்தி இருக்கிறது. அது தென்னை மட்டை தூளாக்குகிற மெஷின். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் அடித்துப் பிய்த்து நாராக்கிவிடும். மட்டை நார்ப்பொருள், அடித்தால் பிரியும். கருவை அப்படியில்லை. அதை வெட்டத்தான் வேண்டும், அடித்தால் சுத்திதான் தேயும். "4 இஞ்ச் கட்டை" என்று அவர் சொன்னது பொய்யென்று சொல்ல மாட்டேன். பச்சை முருங்கைக் கட்டை நான்கு இஞ்ச் கூடப் போயிருக்கும். நம் காட்டுக் கருவையில் நான்கு இஞ்ச் வேறு கணக்கு. ஒரு கன மீட்டர் கருவைக் கட்டை காய்ந்த பிறகு ஏறக்குறைய 800 கிலோ நிற்கும். நம் ஊர் ஆட்கள் அதில் அரிவாள் போட்டுவிட்டுக் கையை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மெஷின் எந்த வகை என்று தெரியாமல் விலை பேசுகிறவர்கள் நிறைய. என்னிடம் வருகிற பழைய சாமானில் பாதிக்கு மேல் இந்தக் குழப்பம்தான். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மரத்துக்கு என்று செய்த சிப்பரில் இரண்டு ரகம் பொதுவாக வரும். ஒன்றில் கனமான வட்டத் தட்டு இருக்கும், தட்டின் முகத்தில் இரண்டோ நான்கோ கத்தி போல்ட் போட்டு நிற்கும். இன்னொன்றில் உருளை இருக்கும், கத்தி உருளையின் மேல் நிற்கும். இரண்டிலும் கத்திக்கு எதிரே அசையாத பட்டை ஒன்று இருக்கும். கட்டை அதன் மேல் உட்காரும், ஓடுகிற கத்தி சீவிக்கொண்டு போகும். அரிவாள்மனையில் வாழைக்காய் சீவுவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே காய் நிற்கிறது, மனை ஓடுகிறது. தட்டுக்குக் கனம் ஏன் என்றால், ஒரு முடிச்சு வந்து மோதும்போது வண்டி இன்ஜின் திணறுவதற்குள் தட்டின் வேகமே அதை வெட்டி முடித்துவிடும். உங்களுக்கு வேண்டியது தட்டு வைத்த ரகம். பட்டறையில் கழற்றி மாட்ட எளிது, கத்தியும் லேத்துக்காரரிடம் கொடுத்துத் தீட்டலாம்.

உங்கள் வண்டி இழுக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 45 ஹெச்.பி. என்பது இன்ஜின் கணக்கு. வண்டியின் பின்னால் நின்று மெஷினைச் சுற்றுகிற தண்டுக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு, வந்து சேர்வது 38 அல்லது 39 இருந்தால் அதிகம். பழைய வண்டி என்பதால் இன்னும் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அது போதும். ஆனால் மெஷின் தகட்டில் போட்டிருக்கும் இஞ்சைக் கருவைக்குப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். 4 இஞ்ச் என்று போட்டிருந்தால் 2 இஞ்ச், 6 என்றால் 3. அதற்கு மேல் தடிமனான கட்டையை நீங்கள் தூளாக்கவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பி.டி.ஓ. தண்டில் எத்தனை பல் என்று எண்ணிக்கொண்டு போங்கள். நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் 6 பல், 540 சுற்று. வெளியூரிலிருந்து வருகிற சில மெஷின்கள் 21 பல் கொண்ட 1000 சுற்றுக்குச் செய்தவை. இடையில் அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். பல் பொருந்தும், வேகம் பொருந்தாது. 1000 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 540-ல் ஓட்டினால் கத்தி சீவாது, கடிக்கும். கட்டை குதித்துக் கையில் அடிக்கும். மெஷினை வண்டியோடு மாட்டுகிற லிங்க் பின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ் லிங்க் பின் 22 மில்லிமீட்டரா 28 மில்லிமீட்டரா என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்தால் போதும், புஷ் போட்டுச் சரிசெய்கிற விஷயம்தான். அதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, தட்டு ரகத்து சிப்பர் ஒன்று வேறெங்காவது பழையதாகக் கிடைக்கிறது என்று வையுங்கள். அதைப் பார்க்கப் போகும்போது நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

விற்கிறவரிடம் முன்கூட்டியே, "நான் வருவதற்கு முன்னால் ஓட்டி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுவேன். சூடான மெஷின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். போனதும் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பி.டி.ஓ. ஷாப்டைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறப்பேன். தட்டை மெல்லக் கையால் சுற்றுவேன், விரல் கத்திப் பக்கம் போகாமல். ஒரு முழுச் சுற்றில் எங்கேயும் உரசக் கூடாது. அப்புறம் தட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங் மட்டும் என்றால் பயமில்லை, கடையில் கிடைக்கிற சாமான். பேரிங் உட்காருகிற தண்டு தேய்ந்திருந்தால்தான் செலவு. பேரிங்குக்குப் பக்கத்தில் தண்டில் சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா, பஞ்ச் வைத்துக் குத்திய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த தண்டில் பஞ்ச் குத்தி மேடாக்கி பேரிங்கை இறுக்குவது பழைய பட்டறை வித்தை. மூன்று மாதம் தாங்கும்.

அடுத்து தட்டு. இதில் அவசரப்படாதீர்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் விரிசல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. விரிசல் பெரும்பாலும் கத்தி போல்ட் துளையிலிருந்துதான் கிளம்பும், மயிரிழை மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. ஒரு கால் பாட்டில் மண்ணெண்ணெயும் ஒரு பொட்டலம் சாக்பீஸ் தூளும் எடுத்துக்கொண்டு போங்கள். துளையைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வரும், வெள்ளைத் தூளில் ஈரக் கோடு ஒன்று இழுத்த மாதிரி தெரியும். கோடு தெரிந்தால் "வெல்டு வச்சுத் தர்றேன்" என்பார். தட்டில் வெல்டிங் இருக்கவே கூடாது. வைத்துத் தருகிறேன் என்றாலும் சரி, ஏற்கெனவே வைத்திருந்தாலும் சரி, வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

எனக்கே ஒரு முறை இதில் சூடு பட்டது. பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு மெஷின் பார்க்கப் போனேன். ஓட்டிக் காட்டினார்கள், சத்தம் சுத்தமாக இருந்தது, நானும் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஓடியதும் ஓடுகிற வேகத்தில் மூடியின் அடியில் ஒரு துண்டு தெறித்துச் சுவரில் பதிந்தது. திறந்து பார்த்தால் எதிர்ப்பட்டையின் முனை. உடைந்த முனையை வெல்டு வைத்து, மேலே புட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஐந்து ரூபாய்க் காசால் ஒரு சுரண்டு சுரண்டியிருந்தால் புட்டி உதிர்ந்திருக்கும். யாருக்கும் அடிபடவில்லை என்பதால் இன்றைக்கு இதைச் சாவகாசமாக எழுதுகிறேன். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் காசு இல்லாமல் பழைய சாமான் பார்க்கப் போவதில்லை.

கத்தியைக் கழற்றச் சொல்லுங்கள். "கழற்ற வராது, துரு பிடிச்சிருக்கு" என்றால் அதுவே பதில்; கழற்றித் தீட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள். கழற்றிய கத்திகளைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் கத்திகள் ஒரே எடை இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தீட்டி மற்றதை விட்டிருந்தால் எடை மாறும், மெஷின் ஓடும்போது உதறும், அந்த உதறல்தான் பேரிங்கைத் தின்னும். கத்தியில் இன்னும் எத்தனை தீட்டலுக்கு இரும்பு மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். போல்ட் துளைக்கும் கூர் முனைக்கும் நடுவே இடமே இல்லை என்றால் புதுக் கத்தி செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். போல்ட்டின் தலையில் 10.9 என்று எண் அடித்திருக்க வேண்டும். சாதாரண போல்ட் போட்டு ஒப்பேற்றியிருந்தால் அவர் மற்ற இடங்களிலும் ஒப்பேற்றியிருப்பார்.

கத்திக்கும் எதிர்ப்பட்டைக்கும் நடுவே இடைவெளி பெரும்பாலான மெஷின்களில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஹேக்சா பிளேடு இரண்டைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள், இறுக்கமாகப் போனால் சரி. விரலே போகிற அளவுக்கு இடைவெளி விட்டு வைத்திருக்கிற மெஷின்களையும் பார்த்திருக்கிறேன். அதில் சிம்பு வெட்டுப்படாமல் நாராகி மடங்கி, தண்டில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். பட்டையின் விளிம்பு வட்டமாகத் தேய்ந்திருந்தால் திருப்பிப் போட இன்னொரு பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஷாப்டை மாட்டி ஓட்டச் சொல்வேன். உங்கள் வண்டியை வெளியூர் வரை கொண்டுபோக முடியாது. அதற்குப் பதிலாக உங்கள் காட்டுக் கருவையில் ஒரு கட்டு கொண்டுபோங்கள். பெருவிரல் தடிமனில் பத்து, இரண்டு இஞ்சில் பத்து, அதில் நான்கைந்து முடிச்சு உள்ளதாக இருக்கட்டும். வெட்டி மூன்று நான்கு நாளுக்கு மேல் ஆகாத பச்சைக் கட்டையாக இருக்க வேண்டும். அங்கே அவர் வைத்திருக்கிற சவுக்குக் கிளையிலும் தென்னை மட்டையிலும் காட்டுகிற வித்தை உங்களுக்கு உதவாது. அரை மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தி, தட்டு முழுதாக நின்ற பிறகு பேரிங் வீட்டில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து எண்ணும் வரை கை தாங்கினால் சரி. பி.டி.ஓ.வைத் துண்டித்ததும் தட்டு எப்படி நிற்கிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல மெஷின் சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றி மெல்ல அடங்கும். "கர கர" என்று இழுத்துக்கொண்டு சட்டென்று நின்றால் உள்ளே ஏதோ பிடிக்கிறது. வெளியே வந்த துண்டுகளையும் ஒரு கை அள்ளிப் பாருங்கள். வெட்டுப்பட்ட முகம் மழுமழுவென்று இருந்தால் கத்தி வேலை செய்கிறது, நார் நாராகப் பிய்ந்திருந்தால் இல்லை.

பி.டி.ஓ. ஷாப்ட் தனிக் கதை. அதைப் பெரும்பாலும் மெஷினோடு இலவசமாகக் கொடுக்கிற மாதிரி கொடுப்பார்கள், இரண்டு முனையிலும் மடங்கிச் சுற்றுகிற மூட்டு, அதாவது கிராஸ், போனதாக இருக்கும். ஷாப்டை மாட்டினால் உள் குழாய் வெளிக் குழாய்க்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் உறை முழுதாக இருக்க வேண்டும். உறை இல்லை என்றால் விலையில் தள்ளிக் கேட்காதீர்கள், புது உறை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுங்கள். நம் ஆட்கள் லுங்கியும் தோளில் துண்டுமாக வேலை செய்கிறவர்கள். 540 சுற்று என்றால் ஒரு நொடியில் ஒன்பது சுற்று. துண்டின் நுனி மாட்டினால் கழுத்தை எடுக்க நேரம் இருக்காது. சிப்பர் வேலைக்கு வருகிறவர் பேன்ட் போட்டு வர வேண்டும், துண்டு வண்டி சீட்டில் இருக்க வேண்டும், முள்ளைக் கையால் உள்ளே தள்ளாமல் இன்னொரு கம்பால் தள்ள வேண்டும். இதில் மட்டும் நான் யாரிடமும் சமாதானம் பேசுவதில்லை. ஷாப்டில் ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் ஆணியோ கம்பியோ செருகியிருந்தால் அதையும் பாருங்கள். அந்த போல்ட் உடைவதற்காகவே போட்டது. உடையக் கூடாது என்று கெட்டி போல்ட் போட்டால் அடுத்து உடைவது உங்கள் வண்டி கியர் பெட்டி.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனையும் தேறுகிற மெஷின் கிடைத்தாலும் உங்கள் 9 ஏக்கரை அது சுத்தம் செய்யாது.

சிப்பர் மரத்தைத் தரையிலிருந்து எடுக்காது. நீங்கள் வெட்டிப் போட்டதைத் தூளாக்கும். கருவையைத் தரையோடு வெட்டினால் அது சாகாது. தரைக்குக் கீழே ஒரு சாணுக்குள் மொட்டு வைத்திருக்கும், ஒரு தண்டு போன இடத்தில் நான்கு தண்டு வரும். ஐப்பசி மழை பெய்து முடிந்து தை மாதம் நிலத்தைப் போய்ப் பார்த்தால் நீங்கள் டீசல் செலவழித்ததே நினைவுக்கு வராத மாதிரி பச்சைப் பசேல் என்று நிற்கும். தூரோடு போனால்தான் போனது. தூரை சிப்பரில் போட முடியாது. கடற்கரை மணல் ஒட்டிய வேரில் ஒன்று உள்ளே போனால் அன்றைக்குத் தீட்டிய கத்தி அன்றைக்கே மொட்டை.

அப்பா சொல்லும் கரிமூட்டக்காரர் இங்கேதான் வருகிறார். அவருக்கு வேண்டியது நீங்கள் சிப்பரில் போடக் கூடாது என்று நான் சொன்ன தடிமனான கட்டையும் தூரும்தான். தூர்க் கரிக்குத் தனி விலை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நின்ற காட்டைக் குத்தகை பேசும்போது "தூரோடு தோண்டி எடுக்க வேண்டும், குழியை மூடித் தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பேச்சில் மட்டும் விட்டால் லேசான தூரை எடுத்துக்கொண்டு ஆழமானதை விட்டுவிட்டுப் போவார்கள். விட்டுப்போன தூருக்கு ஜேசிபி வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக உங்களுக்குச் செலவாக வேண்டிய வேலை வருமானமாகத் திரும்புகிறது. நீங்கள் 1,80,000 கொடுத்து வாங்கி, டீசல் ஊற்றித் தூளாக்க நினைத்தது அந்த வருமானத்தை.

மூட்டக்காரர் போன பிறகு மிஞ்சுவது விரல் தடிமன் முள்ளும் சிம்பும். சிப்பருக்கு உள்ள வேலை அது ஒன்றுதான். நான் பார்த்தவரை, மூன்று ஆள் வைத்து ஓட்டினால் ஒரு ஏக்கர் முள்ளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். 9 ஏக்கருக்கு 18 நாள். நாளைக்கு 6 மணி நேரம், மணிக்கு 5 லிட்டர் டீசல் என்று வைத்தால் 540 லிட்டர். இன்றைய விலைக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும், கூலி தனி. அந்தப் பதினெட்டு நாளுக்காக ஒரு மெஷினை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினால் மீதி வருடம் உப்புக் காற்று அதைச் சாப்பிடும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரத்தில் இருக்கிற எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஓடித் தேய்ந்ததைவிட நின்று துருப்பிடித்த சாமான்தான் இங்கே அதிகம்.

வாங்காமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையின் வாடகை மெஷின்களை உழவன் செயலியில் பாருங்கள். சிப்பர் கிடைக்காவிட்டாலும் தூர் எடுக்க, நிலம் சமன் செய்ய வண்டி கிடைக்கும். புதிதாக வாங்குவது என்று முடிவு செய்தால் அதே துறையில் மானியப் பட்டியலில் என்னென்ன மெஷின் இருக்கிறது என்று ராமநாதபுரம் அலுவலகத்தில் கேளுங்கள். சிறு, குறு விவசாயிக்குப் பொதுவாக 50 சதவீதம் வரை உண்டு. பழைய மெஷினுக்கு மானியம் கிடையாது. புதிதின் மானியம் போக வருகிற விலையையும் பழையதின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல நேரம் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று மனது சொன்னால், உங்கள் பக்கத்திலேயே நிலம் மண்டிக் கிடக்கிற இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு அறுபது எழுபது நாளாவது ஓடினால்தான் பழைய சிப்பர் கட்டுபடியாகும். என்ன விலைக்கு வாங்கினாலும் அந்த விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கத்திக்கும் பேரிங்குக்கும் ஷாப்டுக்கும் என்று தனியாக எடுத்து வையுங்கள். வேலை முடிந்த நாளே உள்ளே ஒட்டியதைச் சுரண்டி, கத்தியிலும் தட்டிலும் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவி, மண் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள்.

தூளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பச்சைத் தூளை மிளகாய் நாற்றங்காலிலோ விதைப்பு நிலத்திலோ போடாதீர்கள். கருவை இலைக்கு மற்ற விதைகளை முளைக்க விடாத குணம் உண்டு, மரத்தூளும் மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். குவித்து, சாணிக் கரைசல் தெளித்து, ஒரு மழைக்காலம் தாண்ட விடுங்கள். தென்னை இருந்தால் வட்டப் பாத்தியில் மேலாகப் பரப்பலாம். ஆனால் நடக்கிற இடத்தில் வேண்டாம், தூளானாலும் முள் முள்தான், செருப்பைத் தாண்டும். வண்டி டயருக்கும் அதே கதை. காய் பிடித்திருக்கிற கிளைகளை சிப்பரில் விடவே விடாதீர்கள். ஆடு தின்று புழுக்கையில் பரப்புகிற வேலையை நீங்கள் இன்னும் வேகமாகச் செய்து முடித்துவிடுவீர்கள். அந்தக் கிளைகளை மட்டும் தனியாக ஒதுக்கி மூட்டக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், எரிந்து போகட்டும். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதை பல வருடம் காத்திருந்து முளைக்கும். அதனால் சுத்தம் செய்த நிலத்தை வெறுமனே போடாமல் புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைத்துவிடுங்கள், முளைக்கிற கன்றைக் களையோடு களையாகப் பிடுங்கிவிடலாம். மூன்று வருடம் அப்படிப் பிடுங்க வேண்டியிருக்கும்.

உங்கள் நிலத்தை ஒட்டிக் கண்மாயோ புறம்போக்கோ இருந்தால் அதில் நிற்கிற மரத்தில் கை வைக்க வேண்டாம். அது உங்களுடையதில்லை, ஏலம் விட்டு எடுக்கிற மரம். மூட்டக்காரர் "அதையும் சேர்த்து வெட்டிக்கிறேன்" என்பார். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு ஆள் இறக்குங்கள்.

கடைசியாக, இரண்டாவது போட்டோவில் உங்கள் நிலத்தின் தெற்கு ஓரத்தில் குடை விரித்த மாதிரி தலை தட்டையாக மூன்று மரம் நிற்கிறதே, அது கருவை இல்லை, உடை. நம் கடற்கரைக்கே உரிய மரம், ஆட்டுக்கு அதன் காய் உயிர், வெயிலுக்கு அந்த ஒரு நிழல்தான் அந்தக் காட்டில் இருக்கும். மூட்டம் போட வருகிறவர்கள் முள் மரம் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து அந்த மூன்று மரத்துக்கும் இடுப்பு உயரத்தில் வளையம் அடித்து வைத்துவிடுங்கள்.